சவரக்கத்தி சொல்லும் காலம்

(மன்றத்தின் ஆண்டு விழாவையொட்டி நடந்த பழம்பொருட் காட்சியில் நிகழ்த்திய உரை)





நாவிதர் குப்பையைக் கிளறினால் மயிர்தான் வரும் என்றொரு பழமொழி எம்மவரிடையே உண்டு. அதனைச் சொன்னவர்கள் அக்குப்பையை ஒரு தரமேனும் கிளறிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நாம் எண்ணுகின்றோம். இதோ, இம்மேசையில் வெள்ளைத் துணியின்மேல் மூன்று சவரக்கத்திகள் இருக்கின்றன. ஒன்று கோழிக்கூட்டின் கூரை இடுக்கிலிருந்து வந்தது. மற்றொன்று பழைய தகரப் பெட்டியின் அடியிலிருந்து வந்தது. மூன்றாவது ஒரு முதியவரின் கையிலிருந்து வந்தது. இவற்றைக் கொண்டு இன்று ஒரு சிறிய பாடம் படிப்போம்.

இந்து இளைஞர் மன்றத்தில் சவரக்கத்திக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். சற்றே எண்ணிப் பாருங்கள். பிள்ளை பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழிக்கும்போது முதன்முதலாக அதன் தலைமயிரை இறக்குவது எது? நோய் நீங்கினால் மொட்டை அடிப்பேன் என்று தாய் வைத்த நேர்த்தியைத் தீர்த்து வைப்பது எது? தகப்பனுக்குக் கொள்ளி வைத்த மகனின் தலையை மழிப்பது எது? எம் வாழ்வின் முதலிலும் முடிவிலும் இந்தக் கத்தி நிற்கின்றது. தமிழ் இலக்கியமும் இதனை இழிவாகக் கருதவில்லை. மயிர் வெட்டும் கருவியின் கைப்பிடி வளைவைப் பாடினியின் காதுக்கு உவமையாக்கியது பொருநராற்றுப்படை. ஆகவே கூச்சமின்றிக் கத்தியைக் கையில் எடுப்போம்.

கோழிக்கூட்டிலிருந்து வந்த கத்தியை எம்மிடம் தந்தவர், "இது போர்த்துக்கேயர் காலத்தது, நானூறு வருடம் இருக்கும்" என்றார். போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தது 1560இல். ஒல்லாந்தர் அதனை அவர்களிடமிருந்து பறித்தது 1658இல். ஆங்கிலேயர் வந்தது 1795இல். எங்கள் தீவில் ஒரு பழம்பொருள் கிடைத்துவிட்டால் அதனைக் கோட்டையோடு சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆயின் பொருளின் வயதைச் சொல்ல வேண்டியது பொருளே. அது சொல்லும் முறையை முதலிற் காண்போம்.

கொழும்பு நூதனசாலையில் மாதோட்டத்திலிருந்து கொண்டுபோன ஒரு சோழர் கல்வெட்டு இருக்கின்றது. தாழிகுமரன் என்னும் அதிகாரி மாதோட்டத்தில் இராசராசேச்சரம் என்ற கோயிலை எடுப்பித்த செய்தியை அது கூறுகின்றது. இராசராசன் அரசேறியது 985இல். ஆகவே அவன் பெயர் தாங்கிய அக்கல் 985க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. அதற்குப் பின் எந்த ஆண்டிலும் வெட்டப்பட்டிருக்கலாம். ஆனால் முன் இல்லை. இதனை நாம் முன்னெல்லை என்று அழைப்போம். ஒரு பொருளிற் காணும் குறிகளுள் மிகப் பிந்திய குறி எதுவோ, அதுவே அப்பொருளின் முன்னெல்லை. மாதோட்டத்துக் கல்லுக்குப் பொருந்தும் இந்த நியாயம் நாவிதர் கத்திக்கும் பொருந்தும்.

இனிக் கத்தியின் உறுப்புகள். தோலை மழிக்கும் பகுதி அலகு. அதன் தடித்த மேற்பக்கம் முதுகு. கூரிய விளிம்பு வாய். அலகுக்கும் ஆணிக்கும் இடையே விரல் பிடிக்கும் குறுகிய பகுதியைக் கழுத்து என்போம். ஆணிக்கு அப்பால் நீண்டு வளைவது வால். அலகு மடிந்து உள்ளே புகும் இரட்டைத் தகடு பிடி. இவற்றுள் கழுத்தே கத்தியின் சாதகக் குறிப்பு. செய்தவர் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். துருவை மெல்லத் துடைத்து, காலை வெயிலைப் பக்கவாட்டில் விழச்செய்து, ஒரு பூதக்கண்ணாடியால் அங்கே பாருங்கள்.

கழுத்தில் முடிச் சின்னமும் அதன் இருபுறமும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருக்கக்கூடும். இவை அரசரைக் குறிப்பன. டபிள்யூ. ஆர். என்றிருந்தால் வில்லியம், அவர் ஆண்டது 1830 முதல் 1837 வரையே. வீ. ஆர். என்றிருந்தால் விக்டோரியா மகாராணி. 1837 முதல் 1901 வரை. ஜீ. ஆர். என்றிருந்தால் மயங்கவேண்டாம், நிதானியுங்கள். நான்கு ஜோர்ஜ் மன்னர் தொடர்ந்து 1714 முதல் 1830 வரை ஆண்டனர். ஐந்தாம் ஜோர்ஜ் 1910இலும் ஆறாம் ஜோர்ஜ் 1936இலும் மீண்டும் அப்பெயரோடு வந்தனர். எழுத்தை மட்டும் கண்டு நூறாண்டு முன்னே பாய்ந்துவிடலாம். கத்தியின் வடிவத்தையும் உடன் பார்த்தாற்றான் எந்த ஜோர்ஜ் என்பது புலப்படும். ஷெபீல்ட் நகரத்து ஜோசப் றொட்ஜர்ஸ் கம்பெனியார் 1822இல் அரச குடும்பத்துக்குக் கத்தி செய்வோர் என்ற விருது பெற்றனர். அவ்விருதைக் கூறும் வரியில் "ஹிஸ்" என்றிருந்தால் அரசர் காலம், "ஹேர்" என்றிருந்தால் அரசி காலம். ஒரு சிறு சொல் அறுபது ஆண்டுகளைப் பிரித்துக் காட்டுகின்றது.

அடுத்தது நாட்டின் பெயர். ஐக்கிய அமெரிக்காவில் 1890இல் நிறைவேறிய மக்கின்லி தீர்வைச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்றது. அவ்விதி 1891இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா பெரிய சந்தையாதலால் ஷெபீல்ட் கத்தியாளர் "இங்கிலண்ட்" என்ற சொல்லைப் பொறிக்கத் தொடங்கினர். ஆகவே ஊர்ப்பெயரோடு நாட்டின் பெயரும் காணப்பட்டால் அக்கத்தி பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. "மேட் இன்" என்ற சொற்கள் முன்னே சேர்ந்து வருவது இன்னும் பிந்திய, 20ஆம் நூற்றாண்டு வழக்கம். பிரித்தானியாவின் 1887ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் பின் ஜேர்மனியச் சரக்குகளிலும் நாட்டின் பெயர் ஏறிற்று.

கம்பெனிக் குறியை நம்பி ஏமாறுவோரும் உளர். ஜேர்மனியின் சோலிங்கன் நகரத்து ஹென்கல்ஸ் கம்பெனியாரின் குறி இரட்டையர் உருவம். அது 1731ஆம் ஆண்டிலேயே அந்நகரத்துக் கத்தியாளர் குழுவிற் பதியப்பட்டது. ஆனால் அதே இரட்டையரை 20ஆம் நூற்றாண்டுக் கத்தியிலும் காணலாம். குறியின் வயது வேறு, கத்தியின் வயது வேறு. முப்பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவதில்லையா? பெயரைக் கொண்டு பேரனின் வயதைக் கணிப்பவர் யார்?

எழுத்து அழிந்துபோன கத்தியும் முற்றாக ஊமையன்று. அலகின் வடிவம் பேசும். 18ஆம் நூற்றாண்டுக் கத்திக்கு வால் இல்லை, அல்லது மிகக் குறுகியது. 19ஆம் நூற்றாண்டு பிறந்தபின் வால் நீண்டு வளைந்தது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அலகைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆப்பு வடிவம் தெரியும். முதுகு தடித்துக் கத்தி கனமாக இருக்கும். பின்னர் சக்கரச் சாணையில் இருபக்கமும் உட்குழிவாகத் தீட்டும் முறை வளர்ந்தது. 1880 அளவில் அது பெருவழக்காயிற்று. சோலிங்கன் தொழிலாளர் இதிற் பேர்பெற்றவர்கள். உட்குழிந்த மெல்லிய அலகை நகத்தால் மெதுவாகச் சுண்டினால் மணிபோல் ஒலிக்கும். ஆப்பலகு ஒலிக்காது.

உருக்கின் பெயரும் ஒரு சான்று. "காஸ்ட் ஸ்டீல்" என்ற சொற்களைப் பல கத்திகளிற் காணலாம். பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளி 1740களில் ஷெபீல்ட் பகுதியில் மண் மூசையில் இரும்பை உருக்கி ஒருசீரான உருக்கைச் செய்தார். அச்சொற்கள் அதனையே குறிப்பன. ஐரோப்பாவுக்கு அது புதுமை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமோ மூசை உருக்கு அதற்குப் பன்னூற்றாண்டு முன்னரே தெரிந்த தொழில். ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அத்தொழிலை விவரித்திருக்கின்றார். பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவவில் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய உலைகளைக் கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அகழ்ந்து, 1996இல் உலகறியச் செய்தார்.

இந்த உருக்குக் கட்டிகள் "வூட்ஸ்" என்ற பெயரோடு 1790களில் பம்பாயிலிருந்து இலண்டனுக்குச் சென்றன. 1795இல் ஜோர்ஜ் பியர்சன் என்பவர் அதனைப்பற்றி றோயல் சங்கத்தில் ஆய்வுரை படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற இலண்டன் கத்தியாளர் அதன் சிறப்பைக் கண்டு வியந்தார். பின்னர் மின்னியலாற் பெரும்புகழ் பெற்ற மைக்கல் பரடே இளைஞராயிருந்தபோது, ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து அவ்வுருக்கின் இரகசியத்தை அறிய முயன்றார். உருக்கோடு பல உலோகங்களைக் கலந்து பார்த்து, 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டனர். ஐந்நூறு பங்கு உருக்கில் ஒரு பங்கு வெள்ளி கலந்ததும் அவற்றுள் ஒன்று. அக்கலப்புருக்குகளில் ஒன்றாற் செய்த சவரக்கத்திகளையே பரடே தம் நண்பர்களுக்குப் பரிசாக வழங்கி வந்தார். இதன்பின் ஷெபீல்ட் கத்திகளில் "சில்வர் ஸ்டீல்" என்ற சொற்கள் தோன்றின. பெரும்பாலும் அது விளம்பரமே. வெள்ளி இருக்கும் என்று உருக்கிப் பார்க்க வேண்டாம். ஆனால் அச்சொற்கள் உள்ள கத்தி 1820க்கு முற்பட்டதன்று என்பது நமக்குக் கிடைக்கும் இலாபம்.

எம் முன்னோரின் உலைத்தொழில் உலகப் பேரறிஞரின் கண்ணைத் திறந்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். அப்பெருமை உண்மையானது. அதற்காக மேசைமேலிருக்கும் ஷெபீல்ட் கத்தியும் எம் உருக்கே என்று சொல்லிவிடலாகாது. உண்மையான பெருமைக்குப் பொய் முண்டுகொடுக்கத் தேவையில்லை.

கடைசியாகப் பிடி. பழையவை கொம்பு, எலும்பு, யானைத் தந்தம், ஆமையோடு என்பவற்றால் ஆனவை. 1870இல் அமெரிக்காவில் ஹையட் சகோதரர் செலுலோயிட்டுக்குக் காப்புரிமை பெற்றனர். அதன்பின் தந்தம்போலவும் ஆமையோடுபோலவும் போலிப் பிடிகள் மலிந்தன. எலும்பிற் சிறு கருந்துளைகள் தெரியும். தந்தத்தில் அவை இல்லை. செலுலோயிட் பிடியை விரலால் விரைந்து தேய்த்து முகர்ந்தால் கர்ப்பூரம் மணக்கும். அதன் சேர்க்கைப் பொருள்களுள் கர்ப்பூரமும் ஒன்று. கர்ப்பூரத்தைப்போலவே அது சட்டெனத் தீப்பிடிக்கும். ஆகையால் சூடான ஊசியாற் குத்திப் பார்க்கும் விளையாட்டு ஒருபோதும் கூடாது. பிடி உடைந்தால் மாற்றுவது வழக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். பிடி புதியதாயும் அலகு பழையதாயும் இருக்கலாம்.

இனி எம் மூன்று கத்திகளுக்கும் தீர்ப்புச் சொல்வோம். போர்த்துக்கேயர் காலத்தது என்று வந்த முதற் கத்தியின் கழுத்தில் "மேட் இன் இங்கிலண்ட்" என்ற எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. அலகு உட்குழிந்தது. தந்தம் என்று சொன்ன பிடி தேய்த்தவுடன் கர்ப்பூரம் மணத்தது. இது 20ஆம் நூற்றாண்டுக் கத்தி. கொண்டுவந்தவரின் முகம் சற்று வாடிற்று. நாம் அவருக்குச் சொன்னது இதுதான்: ஐயா, நானூறு வருடப் பொய்யைவிட ஒரு நூறு வருட உண்மை மேலானது.

தகரப் பெட்டியிலிருந்து வந்த இரண்டாவது கனத்த ஆப்பலகு. கொம்புப் பிடி. முடியும் வீ. ஆர். எழுத்துகளும் ஷெபீல்ட் என்ற ஊர்ப்பெயரும் உண்டு. நாட்டின் பெயர் இல்லை. 1837க்கு முன் இது பிறந்திருக்க முடியாது. 1891க்கு முற்பட்டது என்று எண்ண இடமுண்டு. "உறுதியாக 1850" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு நாம் தலையசைக்க மாட்டோம்.

மூன்றாவது கத்தியில் ஓர் எழுத்தும் இல்லை. ஊர்க் கொல்லன் அடித்த அலகு. தீட்டித் தீட்டி அகலம் பாதியாகக் குறைந்துவிட்டது. கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே படியுமாதலால் முதுகும் தட்டையாய்த் தேய்ந்திருக்கின்றது. இதற்கு முன்னெல்லை கூற ஒரு குறியும் இல்லை. ஆனால் இக்கத்தியோடுதான் அதன் சொந்தக்காரரும் வந்தார். அவர் சொன்னதைக் கேளுங்கள்.

1990இல் சண்டை மூண்டபோது அவர் குடும்பத்தோடு இரவில் வள்ளமேறி இராமேசுவரம் போய், மண்டபம் முகாமில் இருந்தவர். வீட்டைவிட்டு ஓடும்போது கையில் எடுத்தது அடைப்பத்தை மட்டுமே. அதற்குள் இந்தக் கத்தியும், தீட்டுகல்லும், தோல்வாரும், ஒரு கிண்ணமும் இருந்தன. "மாஸ்ரர், காணி உறுதி பெட்டிக்குள்ள கிடந்தது. நான் இதைத்தான் எடுத்தனான். உறுதி சோறு போடாது, இது எந்த முகாமிலயும் போடும்" என்றார். முகாமில் ஒரு வேப்பமரத்தின் கீழ் அமர்ந்து, அதே கத்தியால் பிள்ளைகளுக்கு 31ஆம் நாள் மயிர் இறக்கினார். செத்தவர் வீட்டுக்கும் போனார். கத்தி அவருடைய தகப்பனாருடையது, அதற்கு முன் பாட்டனாருடையது.

"உங்கள் பாட்டனார் பெயர் என்ன ஐயா?" என்று கேட்டோம். சொன்னார். "அவர் திருவிழாவுக்குக் கோயிலுக்குப் போவாரா?" என்று கேட்டோம். "வெளிவீதி மட்டும் போவார்" என்று சொல்லிவிட்டுக் கத்தியை மடித்துக்கொண்டார்.

அன்பர்களே, அந்த வெளிவீதியைப்பற்றி நாம் பேசாமல் விடலாகாது. ஊர்ப் பிள்ளைகள் அனைவரின் முதல் மயிரையும் இறக்கிய கை, அப்பிள்ளைகள் வழிபடும் சந்நிதிக்கு வெளியே நிறுத்தப்பட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுட் புகுவதற்கு மக்கள் போராட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் நாவிதரைப் பரியாரி என்பர். வைத்தியருக்கும் அதுவே பெயர். கட்டி கீறியதும் புண்ணுக்கு மருந்திட்டதும் அந்தக் கையே. பெயரில் மரியாதை தந்தோம், வாசலில் தரவில்லை. இதனை ஒப்புக்கொள்ளாத ஒரு பழம்பொருட் காட்சி வெறும் கடைவிரிப்பே.

ஷெபீல்ட் கத்தியைப் பாருங்கள். அதில் அரசியின் பெயர் இருக்கின்றது. நகரத்தின் பெயர் இருக்கின்றது. கம்பெனியின் பெயர் இருக்கின்றது. அதனை அறுபது வருடம் பிடித்து உழைத்தவரின் பெயர் எங்கும் இல்லை. கழுத்தைப் படித்து ஆண்டைக் கண்டுபிடிக்க இன்னும் நூறு வருடத்தின் பின்னரும் ஒருவர் வருவார். எழுத்து அங்கே இருக்கும். அந்தப் பெயரைக் கேட்டு எழுத எமக்கு இருக்கும் காலம், இப்போது எம்மிடையே உள்ள முதியவர்களின் ஆயுட்காலம் மட்டுமே. இன்று கடைகளில் ஒருமுறை பாவித்து எறியும் பிளேட்டே நடைமுறை. தொற்றுநோய்க்கு அஞ்சி வந்த அம்மாற்றம் நல்லதே. ஆதலால் பழைய கத்திகள் யாவும் ஓய்ந்துவிட்டன. இரும்புக்கடைக்குப் போகும் நாளை எதிர்பார்த்துக் கிடக்கின்றன.

எனவே மன்றத்து இளைஞர்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. கத்திகளைக் கொண்டுவந்து குவிக்க வேண்டாம். அவை உரியவர் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வீடுவீடாகச் செல்லுங்கள். கழுத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்தைப் பிரதிசெய்யுங்கள். அலகின் அகலத்தை அளந்து எழுதுங்கள்; ஷெபீல்ட்டாரும் சோலிங்கனாரும் அங்குலத்தை எட்டாகப் பகுத்தே அதனைச் சொல்வர். அதன் கீழே, இது யாருடைய கத்தி, அவருக்கு யார் தந்தது, எந்த எந்த ஊரில் வேலை செய்தது என்பதைக் கேட்டு, சொன்னவரின் சம்மதத்தோடு பெயரை எழுதுங்கள். முன்னெல்லை தெரிந்தால் அந்த ஆண்டை எழுதுங்கள். தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். வெறுமையான இடம் பொய்யைவிடக் கண்ணியமானது.

உரியவர்களுக்குப் பேணும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். எங்கள் காற்றில் உப்புண்டு. புளியும் சாம்பலும் போட்டு மினுக்க வேண்டாம். அரத்தாளால் உரஞ்ச வேண்டாம். துருவோடு எழுத்தும் போய்விடும். மென்துணியில் மெல்லிய இயந்திர எண்ணெய் தொட்டுப் பூசி, உலர்ந்த பருத்தித் துணியிற் சுற்றி வைத்தாற் போதும். தோலுறையில் வைத்தால் ஈரம் பிடிக்கும். செலுலோயிட் பிடி வெடிக்கத் தொடங்கினால் அதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அதிலிருந்து கசியும் அமிலம் அலகைத் தின்றுவிடும். அருகிலுள்ள கத்திகளும் கெடும்.

மேசையிலுள்ள மூன்றாவது கத்தியின் அருகே ஒரு சிறு அட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மற்ற இரண்டின் அட்டையிலும் ஆண்டு எழுதியிருக்கின்றோம். அதில் ஆண்டு இல்லை. முதியவரின் சம்மதத்தோடு மூன்று பெயர்கள் மட்டும் இருக்கின்றன: பாட்டனார், தகப்பனார், அவர். காட்சி முடிந்ததும் கத்தி அவருடைய அடைப்பத்துக்கே திரும்பும். அட்டை மன்றத்தில் இருக்கும். அந்த அட்டையோடு சேர்த்து வைப்பதற்கு அடுத்த ஆண்டு விழாவில் நூறு அட்டைகள் வரவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

முன் வரிசையில் அமர்ந்திருக்கும் அம்முதியவர்க்கு எமது வணக்கத்தைத் தனியே செலுத்தி, இவ்வுரையை நிறைவு செய்கின்றோம்.